பிராங்கை மாற்றாமல் வைத்தது

யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த வருசம். இங்கே ரொறன்ரோவில் குப்பைக்காரர் வேலைநிறுத்தம் செய்து பார்க் எல்லாம் நாறிக்கிடந்து, பிறகு பாப்பரசர் வந்துபோன வருசம். அந்த வருசம்தான் உன் பாரிஸில் பிராங்க் போய் யூரோத் தாள் வந்தது. இன்று காலை ரேடியோவில், இன்னொரு நாடும் யூரோவுக்குள் போய்விட்டது என்றார்கள். தேத்தண்ணியை வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டேன், மச்சான். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மார்க், பிராங்க், டொலர், ரூபாய், எது எந்தக் கிழமை என்ன விலை போனது என்று இப்போதும் சொல்லுவேன். வங்கிக்குப் போகாமல் உண்டியல்காரன் கையில் கொடுத்து ஊருக்குக் காசு அனுப்புகிறவர்கள் அவன் சொல்லும் விலையை நம்பாமல் எனக்குப் போன் எடுத்துக் கேட்பார்கள். நீயும் கேட்டாய்.

"பன்ரண்டு நாட்டுக்கு ஒரே காசாம். நல்லதோ மச்சான்?"

"பன்ரண்டு வீட்டுக்கு ஒரு அடுப்பு வைச்சால் புகை ஆரின்ரை கண்ணிலை அடிக்கும்? உந்தக் காசை நம்பாதை. பிராங்கை அப்பிடியே வைச்சிரு."

"கனடாவிலை இருந்துகொண்டு என்ரை அடுப்பைப் பாக்கிறாய்," என்று சிரித்தாய். ஆனாலும் வைத்தாய். மகளின் தாலிக்கொடிக்கென்று ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவிச் சேர்த்த காசு. வங்கிக்குப் போனால் எங்கால் வந்தது என்று கேட்பான் என்ற பயம் உனக்கும் இருந்தது. பழைய தாளை மாற்றப் பத்து வருசத் தவணை இருக்கிறதுதானே என்றோம்.

யூரோ ஏறியது. ஐரோப்பாவில் இருந்து உறவுக்காரர் அனுப்பிய காசில் இங்கே வெக்ஸ்போர்ட் பக்கம் எத்தனையோ பேர் வீடு வாங்கினார்கள். அதற்கும் நான் மசியவில்லை. பிறகு கிரேக்கம் கடனில் விழுந்து சனம் தெருவில் இறங்கியது. ஜேர்மனியில் இருந்த தம்பிமார் யூரோவுக்குப் பயந்து அனுப்புவதை நிறுத்த, இங்கே வீட்டுக்குக் கட்ட முற்பணம் இல்லாமல் சிலர் முழித்தார்கள். நான் சொன்னது பலித்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் நீ போன் எடுத்தாய்.

"தவணை முடியுது. இது கடைசிக் கிழமையடா. மாத்தட்டோ?"

"பொறு. யூரோ உடையப் போகுது. பிராங்க் திரும்பி வரும்."

யூரோ உடையவில்லை. தவணை முடிந்தது. உன் பிராங்க் வெறும் தாளாயிற்று. பதினொரு பவுனில் செய்ய நினைத்த கொடி ஐந்து பவுனில் முடிந்தது. நீ என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மன்னித்தாயோ மனதில் வைத்தாயோ என்று அந்தப் பேசாமையில்தான் எனக்குச் சந்தேகம். உன் மேல் இருந்த அக்கறையில் சொன்னேனா, என் கணக்குப் பிழைக்காது என்ற பேருக்காகச் சொன்னேனா என்று என் மேலும் சந்தேகம்.

உன் செத்தவீட்டுக்குப் பிறகு ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் உன் மனைவி பரமேஸ்வரி போன் எடுக்கிறாள். சுகம் விசாரித்து முடிய, "அண்ணை, யூரோ எப்ப உடையுமாம்?" என்று சிரிப்பாள். பகிடியா, குத்தலா? அந்தச் சிரிப்பைத்தான் அடுத்த வருசப்பிறப்பு வரைக்கும் சுமந்துகொண்டு திரிகிறேன். மாற்றவேண்டாம் என்றது நான்தான் என்று நீ அவளிடம் சொன்னாயா? உன்னைக் கேட்க வழியில்லை. கேட்டால் சொல்லக்கூடிய ஒரே சீவன் இனி அவள்தான், பரமேஸ்வரி.