முதற்பாகத்தின் வரைபடம்

12 பெப்ரவரி 2008, செவ்வாய்
கட்டுகஸ்தோட்டை

மாலையில் பொலிசார் தமிழர் வீடுகளைச் சோதனையிட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். புறப்படும் நேரத்தில் மேசையில் கிடந்த என் கொப்பி சார்ஜன்டின் கண்ணில் பட்டது. பக்கத்துக்குப் பக்கம் சுரங்கப் பாதைகளின் வரைபடங்கள். ஓரத்திலிருந்த தமிழை வாசிக்கச் சொன்னார்.

"இங்கே இரண்டு காவலர்" என்று வாசித்தேன்.

கணினி விளையாட்டுக்காக நான் கீறியது என்றேன். காட்டச் சொன்னார்.

கொப்பியில் இருந்தது அந்த விளையாட்டின் முதற்பாகம்; கணினியில் இருந்ததோ இரண்டாம் பாகம். அதற்கு இடம் போதாமல் முதற்பாகத்தைப் போன வாரம்தான் அழித்தோம். டிவியில் விளையாட்டுக் கொன்சோலைப் பூட்டி விளையாடுகிறவர்களை நினைத்தே இந்தப் பாகத்தைச் செய்திருக்கிறார்கள். எழுத்தெல்லாம் பெரிது, பாதை ஒன்றே ஒன்று, ஓர் அம்புக்குறி வழிகாட்டிக்கொண்டே போகும்.

"இதற்கு எதற்கு வரைபடம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இவர், என் கணவர், முதற்பாகத்தின் பழைய சீடியைத் தேடியெடுத்துப் போட்டார். அது கணினியில் ஏறி முடியும்வரை சார்ஜன்ட் கதிரையில் காத்திருந்தார். பிறகு நான் சுரங்கத்துக்குள் நடக்க, அவர் கொப்பியில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். மூன்றாம் திருப்பத்தில் இரண்டு காவலர் நின்றார்கள். அவர் சிரித்தார். ஆனாலும் கொப்பியைக் கொண்டுபோய்விட்டார். நாளைக் காலையில் இவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

"சும்மா வாக்குமூலம் எடுக்கத்தான். பயப்பிடாதையும்" என்றார் இவர்.

"கீறினது நான். நானும் வாறன்."

"நீர் வரவேண்டாம்."

இவருடைய சட்டையை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிய கையோடு, காலையில் உடுக்க என் சேலையையும் மினுக்கி வைத்திருக்கிறேன்.