நான் அளந்த பிரேக் ஹோஸ்

இன்று காலை ஷெட்டில் ஒரு புது பிரேக் ஹோஸின் உறையைக் கிழித்தேன். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. ரிப்பேருக்கு வண்டி கொண்டுவந்தவர் இரண்டு முறை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், விழுப்புரத்தில் இதே ஷெட்டுக்கு அந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். புதுச்சேரியில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுத் தோட்டத்தில் கோழிகள் அடைந்து கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். கூரை இல்லை, இரண்டே சீட். திண்டிவனம் ரூட்டில் பஸ் ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"தெனம் ஊரையே ஏத்திக்கினு போறேன். ஒரு நாளாவது எனக்குன்னு ஓட்டணும்டா" என்றாய்.

உன் விடுமுறை நாளெல்லாம் அதிலேயே போனது. எஞ்சின் சீக்கிரமே உயிர் பெற்றது. பின்பக்கம்தான் படுத்தியது. ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகி, சின்னப் பள்ளத்துக்கே இடுப்பு ஒடிந்தது. பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, கூடுதலாக ஒன்று சேர்த்தோம். பழைய ஷாக் அப்சர்பரை எடுத்துவிட்டு வேறொரு காரின் நீளமான ஷாக் அப்சர்பரை மாட்டினோம். நீ பின்னால் ஏறி நின்று குதித்துப் பார்த்தாய். "மெத்த மாதிரி கீதுடா!"

சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்களும் உப்பிப் போயிருந்தன. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். பின்பக்க ஹோஸை அளந்தது நான். சக்கரம் தரையில் நிற்கும்போதே அளந்தேன். காரைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்திருக்க வேண்டும். வளைவு ஏற்றிய ஸ்பிரிங்கில், வண்டி எகிறும்போது சக்கரம் முன்பைவிடக் கீழே இறங்கும், ஹோஸும் அந்த அளவுக்கு நீளம் வேண்டும். தெரியாத விஷயமில்லை. அன்று தோன்றவில்லை. இத்தனை வருஷமாக வேறு காரணம் தேடியும் கிடைக்கவில்லை.

முதல் ஓட்டம் திண்டிவனத்துக்கு. ஊருக்குச் சற்று முன்னால் ஒரு மதகு மேட்டில் வண்டி எகிறி இறங்கியது. நீ சிரித்தாய். எதிரே மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தாய். சிரிப்பு நின்றது.

"டேய், பிரேக்கு இல்லடா!"

மறுபடி மறுபடி மிதித்தாய். பெடல் அடிப்பலகை வரை போய் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்வதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. நீ ஹேண்ட் பிரேக்கை இழுத்தாய். கார் திரும்பிச் சறுக்கி, உன் பக்கமாகப் புளியமரத்தில் மோதியது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். உனக்கு வலது முழங்கால்.

உன்னை வெளியே இழுத்தபோது பின்சக்கரத்தைப் பார்த்தேன். ஹோஸ் நுனியில் கிழிந்து தொங்கியது. பளபளவென்று புது ரப்பர். நீயும் பார்த்தாய்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டார்: "பிரேக்கு எப்படிய்யா போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "பழைய ஹோஸ் சார். மாத்துடா மாத்துடான்னு இவன் தலப்பாடா அடிச்சிக்கினான். நான்தான் கேக்கல."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போலீஸ்காரர் அதையே எழுதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முழங்கால் மறுபடி மடங்கவே இல்லை. பஸ் ஓட்டும் வேலை போனது. முதலாளி இரக்கப்பட்டு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார வைத்தார். உன் பஸ்ஸை வேறொருவன் எடுத்துக்கொண்டு போவதைத் தினமும் நீயே நேரம் பார்த்து அனுப்பினாய். ஒரே ஒரு முறை, அங்கே டீக்கடையில், "அந்த ஹோஸ்..." என்று ஆரம்பித்தேன். "டீ ஆறுது, குடிடா" என்றாய். அதற்குப் பிறகு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

உன் காரியத்தன்று உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, நீங்க சொன்னப்பவே அப்பா அந்த ஹோஸ மாத்தியிருந்தா கால் நல்லாருந்திருக்கும்ல?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் மனைவி, "அவரு யார் பேச்சக் கேட்டாரு, இவுரு பேச்சக் கேக்க?" என்று அழுதார்.

நான் தலையாட்டிவிட்டேன்.

உன் வீட்டில் இன்றைக்கும் நீதான் குற்றவாளி. அங்கே போக எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது. போகத்தான் கால் வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.