பி பகுதியில் இரண்டு மார்க்

பிப்ரவரி 3, செவ்வாய்

உறைபனி. ஹாஸ்டல் குழாயில் எட்டு மணி வரை தண்ணீர் இல்லை. முகம் கழுவாமலே மொழி லேபுக்கு.

ஆங்கிலத் தகுதித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். எனக்கு மூன்றாவது தடவை. வாசிப்பு, எழுத்து, பேச்சு எல்லாம் பாஸ். ‘கேட்டல்’ மட்டும் நிற்கிறது. அது பாஸாகாமல் பி.காம். சான்றிதழ் கைக்கு வராது. சான்றிதழ் இல்லாமல் கோயம்புத்தூர் வேலை இல்லை. ஜூனில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி அப்பாவோடு பூண்டுக் காட்டில் களை எடுக்க வேண்டியதுதான்.

இன்று பயிற்சித் தேர்வு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுத வேண்டும். ஏ பகுதி, ஒருவரே பேசுவது, பத்து மார்க். பி பகுதி, இருவர் உரையாடல், பதினைந்து. பாஸுக்குப் பதின்மூன்று.

நான்: ஏ பத்துக்குப் பத்து. பி இரண்டு. ஒரு மார்க்கில் போச்சு. போன இரண்டு தடவையும் ஏறக்குறைய இதேதான்.

இங்கிலீஷ் எடுக்கும் லிடியா மிஸ் என் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். (நேரில் மிஸ், வாங்க, போங்க. இங்கே ‘அவள்’. இது என் நோட்டு.)

“பத்துக்குப் பத்து வாங்குறவ எப்படிம்மா பதினஞ்சுக்கு ரெண்டு வாங்குவ? ஏ பார்ட்ட யாரப் பாத்து எழுதுன?”

“யாரையும் பாக்கல மிஸ்.”

“பக்கத்துல ஷைனி. ஃபுல் மார்க். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?”

ஷைனி எழுந்தாள். “என்னப் பாத்தெல்லாம் எழுதியிருக்க மாட்டா மிஸ். அவ என் மூஞ்சியவே பாக்க மாட்டா.”

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும்.

பிப்ரவரி 4, புதன்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். துணி காயவில்லை. மெஸ்ஸில் உப்புமா.

இன்று பிடிக்காதவை:

உப்புமா.

லிடியா மிஸ்ஸின் (இனி லி.மி.) ஊதா ஷால். ஒருத்தியைத் திட்டி முடித்ததும் அதைத் தோளில் இழுத்துவிட்டுக்கொள்வது.

ஷைனி. இங்கேயே நாயுடுபுரத்தில் வீடு, எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். லேபில் எனக்கு இடப்பக்கத்து நாற்காலி. நேற்று அவள் சொன்னது எனக்கு ஆதரவா, குத்தலா? குத்தல்தான்.

ஒலிப்பதிவில் வரும் பெண். “யெஸ், ஆஃப் கோர்ஸ்” என்கிறாள். யாரிடம்? எதற்கு ஆஃப் கோர்ஸ்? பிறகு ஒரு மௌனம். பிறகு “ஐ டோன்ட் திங்க் ஸோ.” மறுபடி மௌனம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஃபோன் பேசுவதைக் கேட்பது போல. எதிர்முனை என்ன சொல்லியிருக்கும் என்று நாமே ஊகிக்க வேண்டும். அதுதான் பரீட்சை போலிருக்கிறது. மற்றவர்கள் எப்படி இவ்வளவு சரியாக ஊகிக்கிறார்கள் என்றுதான் புரியவில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் அதையும் சொல்லித் தருவார்களோ என்னவோ.

சோப்பு வாங்க வேண்டும். அம்மாவுக்கு ஃபோன். செய்யவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

காலையிலிருந்து மூடுபனி. எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

லேப் வாசலில் முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது:

“அந்த ஆளு என்னடி, வாயில மாவ வச்சுட்டுப் பேசுறான்.”

“ஆமா, அந்தப் பொம்பள பேசுறதாச்சும் புரியுது.”

எந்த ஆள்?

உள்ளே போய், லேபைப் பார்த்துக்கொள்ளும் சேவியர் அண்ணனிடம் கேட்டேன். பி பகுதியில் ஆண் குரல் உண்டா என்று. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“ரெண்டு பேரு பேசுறதுதானம்மா பி பார்ட்டு? அவன் கேப்பான், அவ பதில் சொல்லுவா.”

ரத்தம் தலைக்கேறிவிட்டது. அப்படியானால் ஒரு வருடமாக ஓட்டை ஹெட்போனைக் கொடுத்து என்னை ஃபெயிலாக்கியிருக்கிறார்கள். கத்தினேன். என் குரல் வராந்தா வரை கேட்டிருக்கும். அண்ணன் வேறு ஹெட்போன் கொடுத்தார். பெண் மட்டும்தான். இன்னொன்று. பெண் மட்டும்தான். ஷைனி வந்து அதைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டினாள்.

“நல்லாத்தான கேக்குது. லெஃப்ட்ல அவன், ரைட்ல அவ.”

சேவியர் அண்ணன் மெதுவாகச் சொன்னார். “அத இடம் வலமா மாத்திப் போட்டுப் பாரும்மா.”

மாற்றிப் போட்டேன். பெண் போய்விட்டாள். ஒரு ஆண் பேசினான்.

மறுபடி மாற்றினேன். ஆண் போய்ப் பெண் வந்தாள். ஷைனி சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நின்றாள்.

“ரெண்டு வருஷமா அந்தப் பக்கத்துலருந்து பேசிட்டு இருக்கேன் தெரியுமா? பேனா கேட்டேன். ஹாப்பி பர்த்டே சொன்னேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. சரியான ஹெட்வெயிட்டுன்னு விட்டுட்டேன்.”

“கேக்கல.”

“இப்பத் தெரியுது.” குரலில் இரக்கம். அதைவிடக் குத்தலே தேவலை.

பிப்ரவரி 7, சனி

வத்தலக்குண்டு போய்த் திரும்பினேன். மலை இறங்கும்போது இரண்டு முறை வாந்தி. கீழே வெக்கை.

காது டாக்டர். கண்ணாடிப் பெட்டி போல ஒரு அறை, சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். வலதுக்குத் தூக்கித் தூக்கிக் கை வலித்தது. இடதுக்கு மடியிலேயே கிடந்தது.

“எடது காது நரம்பு சுத்தமாப் போயிருக்கும்மா. இன்னைக்கு நேத்து வந்ததில்ல. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?”

பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாவுக்கு ஃபோன்.

“ஆமாத்தா, அஞ்சு வயசுல. கன்னம் இம்புட்டு வீங்கிப் போச்சு. பெரியம்மாவோட தங்கச் சங்கிலிய வாங்கிக் கழுத்துல போட்டு விட்டோம், வத்திருச்சு. அதுக்கப்பறம் ஒரு பக்கமா நின்னு கூப்ட்டாத் திரும்பவே மாட்ட. திமிரப் பாருன்னு உங்கப்பா எத்தன நாளு சாத்தியிருக்காரு.”

சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. வாங்கிய அடி ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. பம்ப்செட் பக்கத்தில் ஒன்று. பொங்கலன்று, புதுப்பாவாடையோடு, ஒன்று. அப்போதெல்லாம் எதற்கு அடிக்கிறார் என்றே தெரியாது.

“அப்பாட்ட ஃபோனக் குடுக்கவாத்தா?”

“வேணாம்.”

பிப்ரவரி 9, திங்கள்

டாக்டர் சீட்டோடு லி.மி.யிடம். இரண்டு முறை படித்தாள். ஷாலை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சனிக்கிழமதான் மிஸ் எனக்கே தெரியும்.”

“சலுகை வேணும்னா ஒரு மாசம் முன்னாடி அப்ளை பண்ணணும். ரூல் அப்படி. அடுத்த தடவ பாத்துக்கலாம்.”

அடுத்த தடவை என்றால் நவம்பர்.

சேவியர் அண்ணன் குறுக்கே வந்தார். “இதுக்கு எதுக்கு மிஸ் சலுகை? கம்ப்யூட்டர்லயே மோனோன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் சேத்து ஒண்ணாக்கி ரெண்டு காதுக்கும் குடுத்துரும். ஒரு டிக்குதான்.”

ஒரு டிக். இரண்டு தேர்வு ஃபெயில், ஒரு வருடம், காப்பி அடித்தவள் என்ற பெயர். எல்லாம் ஒரு டிக்.

“எக்ஸாம் நேரத்துல சிஸ்டத்துல யாரும் கை வெக்கக் கூடாது, சேவியர்.”

நான் விடவில்லை. “சரிங்க மிஸ். ‘காது கேக்காதுன்னு சீட்டுக் குடுத்தா, ஒரு டிக் போட முடியாதுன்னு சொல்லிட்டோம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பிரின்சிபால்ட்ட நானே கொண்டு போறேன்.”

என்னைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ‘மோனோ அனுமதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது.

நன்றி சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

தேர்வு முடிந்தது. சேவியர் அண்ணன் முன்னாலேயே டிக் போட்டு வைத்திருந்தார்.

முதல் தடவையாக இருவரையும் சேர்த்துக் கேட்டேன். இத்தனை நாள் அவன் ஏதோ பெரிதாகக் கேட்கிறான் என்றல்லவா நினைத்திருந்தேன். லைப்ரரியை எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்கிறான். குடை மறந்துவிட்டதாம். இவனுக்காகவா மூன்று தடவை பணம் கட்டினேன்?

எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டு ஆறு நிமிடம் சும்மா இருந்தேன். ஹெட்போனைக் கழற்றவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இருபத்து மூன்று. பாஸ்.

அம்மாவிடம் சொன்னேன். அப்பா பின்னாலிருந்து ஏதோ கேட்டார், அம்மா ஃபோனை நீட்டினாள் போல. மூச்சு மட்டும் கேட்டது. “சாப்ட்டியா?” என்றார். “சாப்ட்டேன்.” அவ்வளவுதான். இப்போதைக்கு இது போதும்.

மதியம் லி.மி. கூப்பிட்டாள். ஒரே சிரிப்பு. கல்லூரி மலரில் போட ஹெட்போனோடு என் ஃபோட்டோ வேண்டுமாம். பக்கத்தில் அவள். தலைப்புகூடத் தயார்: குறையை வென்ற மாணவி.

“காப்பி அடிச்சேன்னு கிளாஸ்ல சொன்னீங்க மிஸ். இல்லன்னு அதே கிளாஸ்ல சொல்லுங்க. அப்பறம் எடுத்துக்கலாம்.”

“ஐயோ, அது ஏதோ பேச்சுவாக்குல சொன்னதும்மா. அதையெல்லாமா மனசுல வெப்பாங்க?”

“அப்ப ஃபோட்டோ வேணாம் மிஸ்.”

நேரே லேபுக்குப் போனேன். முதல் வருடப் பெண்களுக்குத் திங்கட்கிழமை பயிற்சி தொடங்குகிறது. டிக் எங்கே போடுவது என்று சேவியர் அண்ணனிடம் கேட்டேன். முதல் மெஷினில் காட்டிக் கொடுத்தார். மற்றதை நானே, வரிசையாக.

பதினோராவது மெஷினில் இருந்தபோது லி.மி. வாசலில் வந்து நின்றாள்.

“யாரக் கேட்டு இதெல்லாம் மாத்துற?”

“யாரையும் கேக்கல மிஸ்.”

பன்னிரண்டாவதுக்கு நகர்ந்தேன்.