ஷவலில் பொரித்த முட்டை

கும் டெர்வென், வேல்ஸ்
4 ஏப்ரல் 1993

அன்புள்ள டிலிஸ்,

நான் நலம். பேரன் எப்படி இருக்கிறான்? பிள்ளை பெற்ற நம் பெண் நெரிஸ் எழுந்து நடமாடுகிறாளா? வீடு நீ கனடாவுக்குக் கிளம்பியபோது இருந்தபடியேதான் இருக்கிறது, கொஞ்சம் அழுக்கைத் தவிர.

கெயின்வென் உயிர் பெற்றுவிட்டாள். ஏழு வருஷம் பாய்லர் தனியே, சக்கரம் தனியே கிடந்த நீராவி இன்ஜின், சனிக்கிழமை நம் ரயில் அருங்காட்சியகத்து ஷெட்டிலிருந்து தானாகவே ஓடி வந்தது.

இன்ஜினுக்குக் கரி போட ஃபயர்மேன் கிடைக்காமல் தவித்தோமே, தபால் ஆபீஸ் மெரெரித் வந்து சேர்ந்திருக்கிறாள். புருஷன் போன பிறகு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லையாம். நான்தான் கரி போடக் கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரி. முதல் நாளே கரி அள்ளும் ஷவலைக் கழுவி, இன்ஜின் உலைக்குள் நீட்டி, முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்து, "சாப்பிடுங்க டிரைவர்" என்று நீட்டினாள். போட்டோ வைத்திருக்கிறேன்.

நீ இல்லாமல் ஷெட் பக்கத்துத் தேநீர்க் கடைதான் களையிழந்து கிடக்கிறது. சீக்கிரம் வா.

உன் இத்வால்


ஆல்பர்ட்டா
19 ஏப்ரல்

இத்வால்,

பேரன் நலம். நெரிஸ் நலம். நான்தான் நலமில்லை.

கல்யாணமான நாளாக அந்தத் தேநீர்க் கடையில் ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். ஒரே ஒரு தடவை, இன்ஜினில் ஏறிக் கரி போடட்டுமா என்று கேட்டேன். நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பொம்பள இடுப்பு தாங்காது டிலிஸ். எல்லாரும் சிரிப்பாங்க. போய் டீயைப் பாரு." மெரெரித் அவள் இடுப்பை எந்தக் கடையில் வாங்கினாள்?

போட்டோவையும் பார்த்தேன். புகைபோக்கியில் கரேலென்று புகை. கரியை ஒரேயடியாகக் கொட்டினால்தான் அப்படி வரும். வேறு யாராவது செய்திருந்தால், "இன்ஜினுக்கு மூச்சு முட்டுதுடா" என்று ஷெட் அதிரக் கத்தியிருப்பாய். அவளுக்குக் கெட்டிக்காரிப் பட்டம்.

ஷவல் முட்டை ஃபயர்மேன் தன் டிரைவருக்குச் செய்யும் மரியாதை. அதை உனக்கு நான் பொரித்துத் தரவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டேன் தெரியுமா? ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. அவளிடம் நீ மயங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

டிலிஸ்


கும் டெர்வென்
2 மே

அன்புள்ள டிலிஸ்,

இதற்குப் போய் இவ்வளவு கோபமா? நீ விளையாட்டாகக் கேட்டாய் என்று நினைத்தேன். அது அந்தக் காலம். இப்போது பெண்களும் வரலாம் என்று கமிட்டியே முடிவு செய்துவிட்டது.

உன்னைப் போல ஸ்கோன் யாருக்கு வரும், சொல்? அதுவும் ரயிலுக்குச் செய்கிற வேலைதானே. ஜூலையில் விழா. மாவும் வெண்ணெயும் சொல்லி வைத்துவிட்டேன்.

உன் இத்வால்


ஆல்பர்ட்டா
30 மே

இத்வால்,

மாவு சொல்லி வைத்தாயா. நல்லது.

நெரிஸ் வீட்டுக்குப் பக்கத்தில், கோதுமை வயல் நடுவே, இங்கேயும் ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. போனேன். ஓரெஸ்ட் என்று ஒரு டிரைவர். "என்னம்மா வேணும்?" என்றார். "கரி போடணும்" என்றேன். "அப்ப ஏறுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது. தாங்குகிறது. போன ஞாயிறு ஷவலில் முட்டை பொரித்துக் கொடுத்தேன். "மஞ்சக்கரு உடையவே இல்லையே" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். போட்டோ வைத்திருக்கிறேன். புகையைப் பார்.

டிலிஸ்


கும் டெர்வென்
11 ஜூன்

டிலிஸ்,

யார் இந்த ஓரெஸ்ட்? பெண்டாட்டி இருக்கிறாளா?

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதலில் அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பிறகுதான் புகையைப் பார்த்தேன். இளஞ்சாம்பல் நிறம், மெல்லிசாக. மெரெரித்திடம் காட்டியிருக்கக் கூடாது. "எனக்கு இன்னும் இப்படி வரலையே. இவங்களையா டீக்கடையில வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் பொரித்த முட்டை எனக்கு இறங்கவில்லை.

அந்த முட்டை எனக்கு வர வேண்டியது, டிலிஸ். எவனோ ஒருத்தன் தின்றுவிட்டான். வந்துவிடு. விழாவன்று கெயின்வென்னுக்கு நீதான் ஃபயர்மேன். மெரெரித் விட்டுக்கொடுக்கிறேன் என்கிறாள்.

இத்வால்


ஆல்பர்ட்டா
25 ஜூன்

அன்புள்ள இத்வால்,

உன் கடிதம் படித்து நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், நீ வயிறெரிந்தது எனக்கு இனித்தது.

ஓரெஸ்ட்டுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள். இங்கே சிக்னல் பார்ப்பது அவள்தான். மெரெரித்திடமிருந்து எதையும் பிடுங்காதே. என்னிடமிருந்து அவள் ஒன்றும் எடுக்கவில்லை. நீதான் கொடுக்கவில்லை. கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடச் சொல். புகை வெளுத்துவிடும்.

ஜூலையில் நான் வரவில்லை. பனி விழும்வரை இங்கே ரயில் ஓடும், நான் இல்லாமல் ஓடாது. உன்னைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீ கிளம்பி வாயேன். இன்ஜினில் இடமில்லை, டிரைவர் இருக்கிறார். தேநீர்க் கடைக்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

என் ஏப்ரன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வரும்போது எடுத்து வா.

உன் டிலிஸ்
ஃபயர்மேன்