டேப்பை அழித்த மறுநாள்

என் அருமை மகனுக்கு அம்மா எழுதுவது. அங்கே உன் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்கு வயிற்றில் ஏதாவது விழுந்து, வேலையும் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான், உன் அக்கா, அவள் மகள் குட்டி மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மூச்சை விட்டு நிதானமாகப் படி. என் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது, குழல் வைத்துப் பாலும் பழச்சாறும்தான் உறிஞ்சுகிறேன், இப்போதுதான் தெருவே நிம்மதியாக இருக்கிறது என்று எதிர்ப் பட்டறை வெல்டர் கிண்டல் செய்கிறார், சிரித்தால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்தே செய்கிறார் பாவி. அவர்தான் உனக்குப் போன் செய்து ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லி வைத்திருக்கிறார், நீயும் "டிக்கெட் எடுத்துட்டேன், அவனை உயிரோட விடமாட்டேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். டேய், நீ வந்து அவன்மேல் கை வைத்தால் உள்ளே போகப்போவது நீ மட்டும் இல்லை, உன் அக்காவும்தான். அது எப்படி என்று புரிய வேண்டுமானால் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள். வலது கை விரல்கள் வீங்கியிருப்பதால் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அந்த டேப், பெரிய போன் மாதிரி இருக்குமே அந்த டேப்லெட், உன் அக்காவுக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. அத்தான் என்று இனி நம் வீட்டில் யாரும் அவனைச் சொல்லக் கூடாது, அவன் வெறும் அவன். கம்பெனிக்காரனே கைகழுவிவிட்ட பழைய மாடல், அப்டேட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, தொட்டால் அரைமணி கழித்துத்தான் திறக்கும். அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் நம் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவள், அந்த டேப்பைத் துண்டில் சுற்றி வெளியே படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்து என் காதில் கிசுகிசுத்தாள். என்னடி இது என்றால் "மெதுவாப் பேசும்மா, அதுக்குக் கேக்கும்" என்கிறாள். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மருந்துக்கடை வாசலில் சற்று நின்றால் சாயங்காலம் அவன் வந்து அங்கே யாரைப் பார்த்தாய் என்று கேட்பானாம், வீட்டில் தனியாகக் குழந்தையிடம் முணுமுணுத்ததைக்கூட வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வானாம், சொல்லிவிட்டு அடிப்பானாம். வேவு பார்க்கிற ஏதோ ஒன்றை உள்ளே போட்டு வைத்திருக்கிறான் என்பது எனக்கே புரிந்துவிட்டது. தூக்கிச் சாக்கடையில் போடுடி என்றேன். குட்டி பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதில்தான் இருக்கிறது, இனி வேலை தேடவும் அது ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றாள். சரி, நீ இனி அங்கே போக வேண்டாம், இங்கேயே இரு, அதைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று சொல்லி உன்னைப் போனில் கூப்பிட்டேன்.

அடுத்தது உனக்கே தெரியும். "வெறுமனே ரீசெட் பண்ணா போதுமான்னு தெரியலம்மா, அடியோட அழிச்சிட்டு வேற சிஸ்டம் போட்ரு" என்று நீ சொன்னாய், அந்தச் செத்த மாடலுக்கும் எங்கேயோ யாரோ புண்ணியவான் புதிதாக ஒன்று செய்து வைத்திருந்ததைத் தேடி அனுப்பினாய். ஆபீஸ்காரர்கள் குப்பைக்கு ஒதுக்கின மூன்று லேப்டாப்பில் நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதை இத்தனை நாள் ஓட்டி ஓட்டி எனக்கும் கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது. குட்டியின் படங்களை முதலில் கடை லேப்டாப்புக்கு மாற்றினோம். உள்ளே இருப்பது எல்லாம் அழியும், சம்மதமா என்று டேப் கேட்டபோது அக்காவே தன் விரலால் அழுத்தினாள். அப்புறம் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கிற பட்டனையும் சேர்த்து அமுக்கு, கேபிளைச் செருகு என்று நீ அங்கிருந்து கத்த, நான் வேறு ஃபைலைக் கொடுத்துவிட, வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது, கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன். இரண்டாம் தடவை ஏறிவிட்டது. சுத்தமான திரை, அவன் மூஞ்சி இல்லை, ஒன்றும் இல்லை. உன் அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்விட்டு, சத்தமாக, அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள் பார், அந்த வார்த்தையெல்லாம் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, குட்டி கைதட்டினாள். ஆனால் நாம் மூன்று பேரும் ஒன்றை யோசிக்கவில்லை. அவன் போனில் ஒரு புள்ளி எந்நேரமும் நகர்ந்துகொண்டே இருக்குமாம், அவள் போகிற இடமெல்லாம் கூடவே போகுமாம். நாம் அழித்ததும் அந்தப் புள்ளி நம் கடையில் வந்து அப்படியே நின்றுவிட்டது. இவள் இங்கேதான் இருக்கிறாள், இங்கேதான் யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள் என்று நாமே விலாசம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு நீ "என்னாலதாம்மா" என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அடித்தது அவன் கை, நீ அனுப்பின ஃபைல் இல்லை.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஜெராக்ஸ் மெஷினைப் போட்டுக்கொண்டிருந்தேன், வந்து நின்றான். பூனை மாதிரி ஒரு சிரிப்பு. "அத்தை, அவளோட டேப் ஏதோ தகராறு பண்ணுதாமே, குடுங்க பாக்கறேன்" என்றான். நானும் கொடுத்துத் தொலைத்தேன், உள்ளே ஒன்றும் இல்லையே என்கிற தைரியம். திறந்து பார்த்தான், புது சிஸ்டத்தின் சின்னம் வந்தது, திருப்பி மூலையில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்தான் அதே டேப்தானா என்று. "உள்ள இருந்ததெல்லாம் எங்க?" என்றான். என் வாய்தான் உனக்குத் தெரியுமே, சும்மா இருக்குமா, "உள்ள ஒரு திருடன் ஒக்காந்திருந்தான், வெளிய தள்ளிட்டோம்" என்றேன். அந்த டேப்பின் விளிம்பாலேயே என் தாடையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது, வலி பிறகுதான் வந்தது. கீழே விழுந்தேன், வாயெல்லாம் ரத்தம், ஒரு பல் நாக்கின்மேல் கிடந்தது. அவன் திரும்பிப் போய் ஷட்டரை உள்பக்கமாக இழுத்து மூடினான், ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்தான். ஜெராக்ஸ் கண்ணாடி சில்லுசில்லாகப் போனது, லேப்டாப் ஒவ்வொன்றாக அடித்தான், பிறகு பின்னறைக்குப் போய் அங்கே குட்டியோடு இருந்த அக்காவை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். குட்டி மேஜைக்கு அடியில் ஓடிவிட்டாள். நான் அவன் காலைக் கட்டிக்கொண்டேன், என் விரல்களை மிதித்தான், அப்பவும் நான் விடவில்லை, கழுத்தில் கால் வைத்தான். கண் இருட்டியது.

அப்போதுதான் உன் அக்கா ஸ்பைரல் பைண்டிங் மெஷினைத் தூக்கினாள். அந்த இரும்பைத் தூக்க நீயே முக்குவாய். அவன் தோளில் போட்டாள், கழுத்தெலும்பு போய்விட்டது, சுருண்டு விழுந்தான். கம்பியை எடுத்தாள். எதிரே ஈ வந்தால்கூட ஒதுங்கிப் போகிற பெண், அவள் அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு இடம் சொன்னாள். "இது சமையல்கட்டுக்கு." முழங்கால். "இது மாடிப்படிக்கு." கை. "இது குளியலறைக்கு, இது கார்ல வச்சு, இது குட்டி முன்னாடி." அவள் எங்கெங்கே அடி வாங்கினாள் என்று அன்றைக்குத்தான், அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. போதும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வாய் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, சத்தியமாகத் தெரியவில்லை, இன்னும் ரெண்டு போடுடி என்றுதான் மனசு சொன்னது. கடை திறக்கிற நேரத்தில் ஷட்டர் இறங்குகிறதே என்று வெல்டருக்குச் சந்தேகம் வந்து ஓடிவந்து கடப்பாரையால் நெம்பித் திறந்திருக்கிறார். அவர் வந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுக்காவிட்டால் அவன் இன்றைக்கு இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து குட்டியை வெளியே எடுக்கத்தான் ரொம்ப நேரமாயிற்று.

அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பெண்டாட்டியும் மாமியாரும் சேர்ந்து கொல்லப் பார்த்தார்கள் என்று புகார் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், கறாரானவள், ஆனால் காது கொடுத்துக் கேட்டாள். "அவர் விழுந்ததுக்கப்புறமும் அடிச்சிருக்காங்களே, அதுதான் சிக்கல்" என்றாள். வேவு பார்த்தான், அடித்தான் என்கிறீர்களே, அந்த டேப் எங்கே என்று கேட்டாள். அவன் அடித்ததில் இரண்டு துண்டாகக் கிடந்ததைக் காட்டினோம், முந்தின நாளே எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று அக்கா சொன்னாள். "அழிக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா குட்டியை இறுக்கிக்கொண்டு யாரிடம் விட்டுவிட்டுப் போவேன் என்று என்னைப் பார்த்தாள். அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் அவனிடம் வாக்குமூலம் வாங்கப் போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? தன் பெண்டாட்டி சொல்லாமல் ஓடிப்போனவள் என்று நிரூபிக்க அவனே போனைத் திறந்து, "பாருங்க மேடம், இவ எங்கெங்க சுத்தறான்னு எல்லாம் இதுல வரும்" என்று நீட்டினானாம். இன்ஸ்பெக்டர் அதை வாங்கித் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். புள்ளி மட்டும் இல்லை, டேப் கேட்டதெல்லாம் பதிவாகி அவன் போனில் அடுக்காக இருந்தது. பெண்டாட்டி என்ன பேசுகிறாள் என்று கேட்க வைத்த காது, அவன் அடித்ததையும் சேர்த்துத்தானே கேட்டிருக்கிறது! அப்படியே போனைப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட்டாள். இப்போதைக்கு அக்காவைக் கைது செய்யவில்லை, கூப்பிட்டால் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என்னிடம் தனியாகச் சொன்னாள், "உங்க பையன் கோவத்துல வந்து அவன் கட்டில் பக்கம் போனாலே போதும்மா, குடும்பமா சேந்து கொல்லப் பாக்கறாங்கன்னு வக்கீல் கேஸையே புரட்டிடுவான்." புரிகிறதா? உன் அக்காவும் குட்டியும் வெளியே இருப்பது உன் கை சும்மா இருப்பதில்தான் இருக்கிறது. உனக்கு அடிக்க வேண்டும் என்றால் அங்கே ஒரு தலையணையை அடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை அக்காவிடம் கேட்காதே. குரல் யாருடையது என்று அடையாளம் சொல்ல என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அந்தப் பதிவுகளைப் போட்டார்கள். அடி விழுகிற சத்தம், நாற்காலி சாய்கிற சத்தம், குட்டி வீறிடுகிறது, அதற்கெல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போயிருந்தேன், கேட்டேன். அப்புறம் போன் மணி அடித்தது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்து, "சொல்லும்மா" என்றாள். நான் கூப்பிட்ட போன் அது. "மாடி ஏறி வந்தேம்மா, அதான் மூச்சு வாங்குது. நல்லாருக்கேம்மா. குட்டியும் நல்லாருக்கா. நீ சாப்டியா?" என்றாள். அடுத்த பதிவிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. ஒவ்வொரு அடிக்கும் பிறகு என்னிடம் நல்லாருக்கேம்மா என்றிருக்கிறாள், அதே குரலில், நான் நம்பிப் போனை வைத்திருக்கிறேன். இது உங்க பொண்ணுதானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள், தலையை ஆட்டினேன்.

அதனால் கண்ணே, நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிற நல்லாருக்கேம்மாவும் இனிமேல் என்னிடம் செல்லாது. வேலையில் யாராவது வதைத்தால், காய்ச்சல் என்றால், தனியாக அழுதாய் என்றால், அதை அப்படியே சொல். டிக்கெட்டை ரத்து செய். செய்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, ரத்தானதைப் படம் பிடித்து அனுப்பு. மூன்று லேப்டாப்பில் ஒன்றுதான் பிழைத்திருக்கிறது, அதில்தான் இதைத் தட்டுகிறேன், அதன் பேட்டரி எந்த மாடல் என்று பார்த்துச் சொல், மறந்துவிடாதே. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் ஒரு கீறல் படாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், உன் கை யார்மேலும் ஓங்காமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இந்தக் கடிதம் கிடைத்ததும் வீடியோவில் வா. நான் பேச முடியாது, நீயும் பேச வேண்டாம். விளக்கைப் போட்டு, முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டு, நானே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா