ஆல்டர்பியை வதிவிடமாகக் கொண்டவருக்கு

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இத்தனை காலமும் இந்த ஒரு சொல்லுக்குத்தான் திரும்பிப் பார்த்தீர்கள். இப்போதும் பார்ப்பீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு புதினம். சிரிக்கக் கூடாது. மரண அறிவித்தலில் உங்களை இங்கிலாந்துக்காரர் ஆக்கிவிட்டார்கள். ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், இங்கிலாந்து ஆல்டர்பி, பிரான்ஸ் திரான்சி ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட’ என்று உங்கள் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாரிஸ் ரூ காய் தெருவில் எங்கள் சனத்தின் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் ஒட்டி முடிந்த பிறகுதான் நான் அதை வாசித்தேன்.

அச்சகத்துக்காரரில் பிழை சொல்ல முடியாது. உங்கள் கடைக்கு அவர் மரக்கறி வாங்க வரும்போதெல்லாம், “எங்கட ஊரிலை நேற்று ஒரே மழை, ஆட்டம் நிண்டுபோச்சுது” என்பீர்களாம். “போன கிழமை எங்களுக்கு நல்ல அடி” என்பீர்களாம். நீங்கள் முந்தி அங்கே இருந்துவிட்டு இங்கே வந்தவர் என்றே அந்த மனிதர் நினைத்திருக்கிறார். ஆல்டர்பியின் உதைபந்தாட்டக் கழகத்தில் உங்களுக்கு விசர், ஆனால் அந்த மண்ணை ஒரு நாளும் மிதித்ததில்லை என்பது வீட்டில் இருக்கிற எங்களுக்குத்தானே தெரியும்?

உங்கள் அண்ணைக்கு வந்ததே கோபம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு உங்கள் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். “அதிலையாவது உந்தப் பொய்யை வெட்டு, தவம். கடற்கரையிலை வைச்சுத் திருப்பி அனுப்பினவங்கள் அவனை. அந்த நாட்டைப் போய் வதிவிடம் எண்டு போட்டா ஆக்கள் சிரிக்க மாட்டினமோ?” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார். வெட்டினால் உங்களிடமிருந்து எதையோ பறிப்பதுபோல் இருந்தது. விட்டால் பொய்யாகிவிடும். சரியான நித்திரையே இல்லை எனக்கு.

அரைத் தூக்கத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்கள் வருகின்றன. ஜன்னலில் மழை. போனில் ஆட்ட வர்ணனை கேட்கச் சோபாவில் கண்ணை மூடியபடி நீங்கள். ஆட்டம் தொடங்கும் முன் கழகத்தின் கதையை முதலிலிருந்து சொல்லுவீர்கள், மற்றவர்கள் தேவாரம் சொல்லுவதுபோல. உடுப்பு மடித்துக்கொண்டே நான் தூங்கி வழிவேன். ஒரு சின்னத் தேவாலயத்தில் பாட்டுப் படிக்கப் போன பெடியன்கள், மாரியில் சும்மா இருக்க ஏலாமல் செங்கற் சூளைக்குப் பின்னால் பந்து உதைக்கத் தொடங்கினார்கள். பிறகு பஞ்சாலை விட்டதும் ஊர் முழுக்க அங்கேதான் ஓடியது. ஒரே ஒரு முறை பெரிய கிண்ணத்தை வென்றார்கள். அதை நிலக்கரி வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அந்தப் பெடியன்கள் எல்லாரும் பனிப்புகாருக்குள் ஓடுவதாகவே எனக்குத் தெரியும். சில நேரம் அவர்களுக்கு மேலால் நம் கடைப் பக்கத்துப் பாலத்தில் ஓடும் லா சப்பல் மெட்ரோ ரயிலும் சத்தமில்லாமல் போகும். கனவில் போய் யார் வழி விசாரிப்பது?

அந்தக் கழகம் உங்களைப் பிடித்ததே தற்செயல்தான். இங்கிலாந்துக்குக் கடல் தாண்டப் போய்ப் பிடிபட்டு, பிரெஞ்சுக் கரையில் கலேயில் நடுங்கிக்கொண்டு நின்ற உங்களுக்கு ஓர் ஆங்கிலேய லொறிக்காரர் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றித் தந்தார். அந்த மாரி முழுக்க அதைக் கட்டித் திரிந்தீர்கள். அதில் பின்னியிருந்தது ஒரு கழகத்தின் பெயர் என்பது பிறகுதான் உங்களுக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். நான் எத்தனை நக்கல் அடித்திருப்பேன்.

பஞ்சாலைகள் மூடிய பிறகு கதை இருட்டத் தொடங்கும். கழகம் பிரிவு பிரிவாகக் கீழே இறங்கியது. வெளியூர் முதலாளி ஒருவர் வாங்கி, மைதானத்தை விற்று, கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஊர்ச்சனம் விடவில்லை. அதே பெயரோடு, அதே நிறச் சட்டையோடு கடைசிப் பிரிவிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். விளையாட இடமில்லாமல் பக்கத்து ஊரில் வாடகை மைதானம் எடுத்தார்கள். “சொந்த ஊர் ஆட்டத்தையே அடுத்தவன்ரை ஊரிலை ஆடுறாங்கள், தவம்” என்று சொல்லும்போது உங்கள் குரல் இறங்கும். நான் அதைப் பந்துக் கதை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்த பிறகாவது போயிருக்கலாமே. கடையிலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? இங்கிலாந்து ரயில் அங்கிருந்துதானே போகிறது. “ஒருக்காப் போயிட்டு வாங்கோவன்” என்று நானே சொன்னேன். “வாடகை வீட்டிலை இருக்கிறவைக்கு நாங்கள் வேறை போய்க் கரைச்சல் குடுக்கிறதோ? சொந்தமாக் கட்டிக் குடிபூரட்டும், தட்டத்தோடை போவம்” என்றீர்கள். ஒரு பந்துக் கழகம் புதுமனை புகும் குடிபூரலுக்குத் தட்டத்தில் பழமும் வெற்றிலையும் கொண்டுபோகக் காத்திருந்த மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

கேளுங்கள், கட்டி முடித்துவிட்டார்கள். பழைய சூளை இருந்த பக்கமே சின்னதாக ஒரு மைதானம். மகள் போனில் படம் காட்டினாள். புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் முதல் ஆட்டம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா நீங்கள்? உங்கள்மேல் எனக்கு இந்த ஒரு கோபம்தான் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணை வந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, “அத்தான், அவர் திரான்சியிலை இருந்தவரோ?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி?”

“சாப்பிட்டவர், படுத்தவர், இஞ்சையிருந்து வேலைக்குப் போனவர். அது ஓம். ஆனா ஒரு நாளாவது இதை எங்கட ஊர் எண்டு சொன்னவரோ? அங்கை யாழ்ப்பாணத்திலை இருந்த வீட்டையும் இடிச்சுப்போட்டாங்கள். அந்த மனிசன் பிறகு எங்கைதான் இருந்தவர்?”

மகள் வழக்கம்போலப் பிரெஞ்சில்தான் சொன்னாள்: சனிக்கிழமைகளில் அப்பா இங்கே இருந்ததே இல்லையே, பெரியப்பா.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சரி, இருக்கட்டும். லண்டன்காரர் ஆரும் கேட்டா மறுமொழி நீதான் சொல்லோணும்” என்றார். போகும்போது உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

அச்சில் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? எனக்குப் போதவில்லை. முதல் ஆட்டத்துக்கு நானும் மகளும் போகிறோம், இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. தட்டமும் கொண்டுபோவேன். கணவனை இழந்தவள் குடிபூரலுக்குத் தட்டம் தூக்கலாமோ என்று எங்கள் சனம் கேட்கும். ஆல்டர்பிக்காரருக்கு அதெல்லாம் தெரியாது, நானும் சொல்லப் போவதில்லை.

கலியாணம் கட்டியவளைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதுதான் முறை. நீங்கள் காட்டவில்லை, நானாக வருகிறேன். உங்களை மறிக்க இனிக் கடலும் இல்லை, கடவுச்சீட்டும் தேவையில்லை. எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கோ.

உங்கள் ஊருக்கு முதல்முறையாக வரும்
உங்கள் மனைவி,
தவம்