நல்ல தண்ணியில் கழுவிய கார்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே கார் ஷெட்டின் தகரம் சுடுகிறது. வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டிலிருந்து வந்து காரை எடுத்துக்கொண்டு போகிறார்களாம். வீட்டுக்காரர் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார், நாளைக்குப் பால்காரன் வரமாட்டான் என்கிற மாதிரி.

நகை, பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் மாசியிலேயே திரும்பிப் போயாச்சு. சீராக வந்ததில் பாக்கி இது ஒன்றுதான். வெள்ளைக் கார். இப்போது வெள்ளை என்று சத்தியம் பண்ணினால்தான் நம்புவார்கள். பக்கத்துக் களத்தில் மஞ்சள் கிழங்கைப் பாலீஷ் போடுகிற மிஷின் ஓடுகிறது. பறக்கிற தூசியெல்லாம் கார் மேல். மேலே காக்கா எச்சம் வேறு.

அப்படியே அனுப்பு என்கிறார் இவர். கழுவினால், கீறலை மறைக்கத்தான் கழுவினோம் என்று சொல்வார்களாம். என் மகன் பிரவீனும் பெங்களூரிலிருந்து போனில் அதையேதான் சொன்னான். அப்பனும் மகனும் இதில் மட்டும் ஒற்றுமை.

கேட்கப் போவதில்லை. பூவும் பொட்டுமாக வந்த வண்டி. எச்சத்தோடு என் வீட்டிலிருந்து போகாது.

மருமகள் என்று எழுதலாமா கூடாதா, தெரியவில்லை. கோர்ட்டில் முடிந்துவிட்டது. சுகன்யா. சு. என்றே எழுதுகிறேன்.

வாங்க: ஷாம்பு (காருக்கு, தலைக்கு இல்லை). ஸ்பாஞ்சு. வினிகர். உளுந்து அரைக் கிலோ.

மே 13, செவ்வாய்

முட்டாள்தனம் ஒன்று செய்தேன். கார் ஷாம்பு கடையில் இல்லை. துணி துவைக்கிற சோப்புத் தூளைக் கரைத்து பானெட்டில் ஊற்றித் தேய்த்தேன். மஞ்சளும் சோப்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? பானெட் முழுக்கச் சிவப்பாக வழிந்தது. கல்யாணத்தன்று சு. இந்தக் காரிலிருந்து இறங்கியபோது ஆரத்தி சுற்றி இதே வாசலில்தான் கொட்டினேன். அதே சிவப்பு. வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

களத்தில் வேலை செய்கிற பாப்பாத்தி வேலி மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, காருக்குத் திருஷ்டி கழிக்கறீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே.

நிறையத் தண்ணீர் ஊற்றினதில் சிவப்பு போச்சு. மஞ்சள் கறை நின்றுகொண்டது. போதாததற்கு எங்கள் போர் தண்ணி உப்பு. காய்ந்ததும் கார் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், அம்மை போட்ட முகம் மாதிரி. இருந்ததைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை சு. வருவாளா என்று இவரைக் கேட்டேன். அவ எதுக்கு வர்றா, ஆம்பளைங்க வருவாங்க என்றார்.

அவள் வரணும். ஒரே ஒரு வார்த்தை அவளிடம் சொல்லணும். தப்பு உன் மேல் இல்லை, என் மகன் மேல்தான் என்று. கல்யாணத்துக்கு முன்பே பெங்களூரில் அவனுக்கு ஒருத்தி. மறைத்துத் தாலி கட்டினான். சொந்தபந்தம் என்னவோ சு.வுக்கு வாய் நீளம், அதான் நிலைக்கலை என்று பேசிக்கொண்டு திரிகிறது. பிரித்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்த அன்று ஆம்பளைகள் எல்லாம் வாசலில். நான் அடுப்படியில், காபி போட்டுக்கொண்டு. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

தோள்பட்டை வலி. தைலம்.

மே 14, புதன்

விடியக்காலையில் தோன்றியது. வேட்டியில் மஞ்சள் பட்டால் வெயிலில்தானே போடுகிறோம்? கறை தானாக வெளுத்துவிடும். காரையும் வெயிலில் போடலாம். நேற்றோடு களத்தில் மிஷினும் நின்றுவிட்டது, தூசி இல்லை.

களத்துக்கு எடுத்து விடுங்க என்றேன். இவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. நானே எடுத்தேன். சு. சொல்லிக்கொடுத்த டிரைவிங். ஆரம்பத்தில் நான் கிளட்சை விடும்போதெல்லாம் கார் தவளை மாதிரி எகிறும், அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "மெதுவா விடுங்க அத்தை, வண்டி எங்கியும் ஓடிப் போயறாது." ஆத்தூர் ரோட்டில் நாலாவது கியர் வரை போயிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில். லைசென்ஸுக்கு எழுதிப் போடுவதாக இருந்தோம்.

இன்றைக்கு ஷெட்டிலிருந்து களம் வரைதான். இறங்க மனசே வரவில்லை. வேர்த்து ஒழுக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

சாயங்காலம்: மஞ்சள் முக்கால்வாசி போயிருக்கு. கத்திரி வெயிலால் ஒரு உபகாரம்.

உள்ளே துடைத்தேன். சூட்டில் டாஷ்போர்டு பிசுபிசுவென்று ஆகிவிட்டது. ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. பின் சீட்டில் எண்ணெய்க் கறை. மேட்டூர் அணைக்குப் போனபோது மீன் வறுவல் வாங்கித் தின்றோம். சனிக்கிழமை, எனக்கு வேண்டாம் என்று விறைப்பாகச் சொன்ன இவர் சு.வின் பங்கையும் சேர்த்துத் தின்றார். அவள் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஷாம்பு நுரை போட்டு (இன்று ராசிபுரத்திலிருந்து வரவழைத்தேன்) கறையைத் தேய்த்து எடுத்துவிட்டேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன்.

மே 15, வியாழன்

நல்ல தண்ணி விட்டார்கள்! மேட்டூரிலிருந்து வருகிற காவேரித் தண்ணி. வாரத்துக்கு மேலாச்சு. குடிக்க, சமைக்கப் பிடித்தது போக மிச்சம் எல்லாம் காருக்கு.

வெயில் ஏறுவதற்குள் வேலை. முதலில் வினிகரில் துணியை நனைத்து உப்புப் புள்ளிகளைத் தேய்த்தேன். அப்புறம் ஷாம்பு. அப்புறம் நல்ல தண்ணி, மேலிருந்து கீழே. ஒரு பக்கம் ஊற்றியதும் உடனே துடைக்கணும், காய விட்டால் போச்சு.

இவர் குதித்தார். குடிக்கிற தண்ணியில் காரைக் கழுவுகிறவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதானாம். இருக்கட்டும் என்றேன். நம் பையன் அவளுக்குச் செய்ததற்கு நாம் இதையாவது செய்வோம் என்றேன். விருட்டென்று உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து கார் கூரையைத் துடைத்தார். எனக்கு எட்டாது. தகடு நன்றாகவே சுட்டிருக்கும்.

கார் பளபளவென்று இருக்கு. புதிதாக ஷோரூமிலிருந்து வந்த மாதிரி.

நாளைக்குப் பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்து ஒப்புட்டு போடலாமா? சு.வுக்கு உயிர். போட்டால் என்ன நினைப்பார்கள்? பருப்பை மட்டும் ஊறப் போடுகிறேன். ஆம்பளைங்கதான் வருவார்கள் என்று இவர் சொன்னாலும், அவள் கார் அல்லவா, வருவாள் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மே 16, வெள்ளி

வரவில்லை.

அவள் தம்பி கௌதம் வந்தான். கூட ஒரு ஆள், சேலத்தில் பழைய கார் வாங்கி விற்கிறவராம். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், கதவை விரலால் தடவினார். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணிக்கு இவ்வளவு சுத்தமாக ஒரு வண்டியைப் பார்த்ததே இல்லை, பேசினதுக்கு மேலேயே போட்டுத் தரலாம் என்று கௌதமிடம் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கார் அவளிடம் போகவில்லை. விற்கிறார்கள். நான் கழுவியது இந்த ஆளுக்காக.

கௌதம் ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக்கொள்ளவில்லை. இவர் சாவியையும் ஆர்.சி. புக்கையும் நீட்டினார். அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான். இனி இந்த வாசலுக்கு அந்த வீட்டு ஆள் ஒருத்தரும் வரப்போவதில்லை. செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனேன்.

"சாமி, உங்கக்கா மேல ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் எம்பட பையன் மேலதான். அத்தை சொன்னேன்னு சொல்லிப்போடு."

இவர் என்னைப் பார்த்த பார்வை. கார்க்காரர் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

கௌதம் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். அப்புறம் மெதுவாக, "அக்காவுக்குத் தெரியுமுங்க அத்தை. காரை அத்தையே வெச்சுக்கட்டும்னுதான் அக்கா சொல்லுச்சு. அப்பாதான் ஒத்துக்கலீங்க" என்றான்.

அவன் தலையைத் தடவினேன். போய்விட்டார்கள்.

வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. பாப்பாத்தி வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உள்ளங்கால் கொப்புளம்.

மே 17, சனி

மேகம், மழை இல்லை. புழுக்கம்.

வெளியாள் முன்னால் பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று இவர் பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார். இரண்டாவது தோசையை வாய் திறந்து கேட்கவில்லை, நானே போட்டேன்.

பத்து மணிக்கு பிரவீன் போன். அப்பா எல்லாம் சொல்லியிருப்பார், சண்டைக்கு வருவான் என்று தயாராகத்தான் எடுத்தேன். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான், திட்டியாவது கேட்பான் என்று காத்திருந்தேன்.

கார் என்ன விலைக்குப் போச்சும்மா என்று கேட்டான்.